சீஸின் மேல் பூத்த வெள்ளை

என் மனைவி சுண்ணாம்பைத் தின்றுவிட்டாள், வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையோடு மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள், அதற்குக் காரணம் நான் கையாண்ட கத்தி என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஆதாரங்களோடு நம்பினேன். நான் பி.யு.சி. வரை வேதியியல் படித்தவன். அதைப் படிக்காமல் இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் பயம் தெளிந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டு மலையில், தலைச்சோலைக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ஆள் கணக்கு எழுதுவதும் ஸ்டோர் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அலைவதும்தான் வேலை. அந்தச் சாவி தொங்கும்போது எனக்கு ஒரு நடை வரும் என்று என் மனைவி சொல்வாள். சேவல் நடை என்பாள். அவள் கீழே குப்பனூர்க்காரி. மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டுவாள், குளிர் கிடைக்காத நாளில் என்னைத் திட்டுவாள்.

ஸ்டோர் என்பது கல் கட்டடம். முன்பகுதியில் காபி மூட்டைகள். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. சித்திரை வெயிலிலும் அங்கே கை விறைக்கும். அதில்தான் மருந்துச் சாமான்கள் இருந்தன: ஒரு மூலையில் சுண்ணாம்பு மூட்டை, பக்கத்தில் மயில்துத்தம் வைத்த டின், சுவரோரம் தெளிக்கிற பம்புகள். மழைக்கு முன்னால் காபிச் செடிக்குத் தெளிக்கிற போர்டோ மருந்துக்கு இவை இரண்டும் வேண்டும். செம்பு கலந்த நீல உப்பான மயில்துத்தத்தைத் தனியே கரைத்து, சுண்ணாம்புப் பாலைத் தனியே கரைத்து, இரண்டையும் பீப்பாயில் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்துவிட்டால் இலை கருகிவிடும். அது போதுமா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. சுத்தமான இரும்புக் கத்தியை மருந்தில் முக்கி எடுப்போம். கத்தி மேல் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். படியவில்லையென்றால் பம்பை எடுக்கலாம். அதற்கென்றே ஸ்டோரில் ஒரு கத்தி இருந்தது. அங்கே இருந்த ஒரே கத்தியும் அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

எஸ்டேட் முதலாளியின் மனைவியைப் பங்களா அம்மா என்போம். அவர் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டரிடம் சீஸ் செய்யக் கற்றுக்கொண்டார். பங்களா மாடுகள் மிச்சமாகக் கறந்த பாலையெல்லாம் அந்த ஆடி மாதம் முழுக்கத் திரியவைத்து, வடித்து, உப்புப் பூசி, துணி சுற்றி வட்ட வட்டமாக அடுக்கிவிட்டார். பங்களாவில் எலி. அதனால் அத்தனையும் என் உள்ளறைக்கு வந்து, கயிற்றில் தொங்கிய பலகை மேல் உட்கார்ந்தன. வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டு உப்புத்தண்ணீர்த் துணியால் துடைப்பது என் பொறுப்பு. அந்த வாடை முன்பகுதி வரைக்கும் வரும். மூட்டை தூக்க வந்த ஒரு அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க ரைட்டரே, பாலு கெட்டா நாங்கல்லாம் கீழ ஊத்திருவமுங்க. இந்தம்மா துணி கட்டி வளக்குதே?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சம்பளம் வாங்குகிறவன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

என் மனைவிக்கு மாசமானதிலிருந்து பால் ஆகவில்லை. வாடை பட்டாலே ஓடுவாள். அவள் நாக்கு கேட்டதெல்லாம் வேறு. பூஜை மாடத்தில் திருநீறு டப்பா தானாகக் காலியாகிக்கொண்டிருந்தது. நான் முதலில் என் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகுதான் அவள் உதட்டோரம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தேன். அதைப் பங்களா அம்மாவிடம் சிரிப்பாகச் சொல்லப்போக, அவர் தன் மகள் பிரசவத்துக்காக மதராஸ் கிளம்புகிற அன்று சின்ன சீஸ் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரைட்டர், இதை உங்க சம்சாரத்துக்குக் குடுங்க. பால் வேண்டாங்கறவங்க சில பேருக்கு இது புடிக்கும். மாசமா இருக்கற பொண்ணு, ஏதாச்சும் உள்ள போகணுமில்ல?"

பிடித்தது. எனக்கே நம்ப முடியாத அளவுக்குப் பிடித்தது. அந்த வாடைக்கு மூக்கைச் சுளிக்காத ஒரே ஆள் எஸ்டேட்டில் அவள்தான். எங்கள் வீடு அடுப்புப் புகையும் சூடுமாக இருக்கும் என்பதால் சீஸை உள்ளறையிலேயே விட்டு வைத்து, காலையில் ஸ்டோர் திறக்கும்போது ஒரு துண்டு வெட்டி இலையில் மடித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவேன். எதில் வெட்டினேன் என்று நீங்கள் இப்போது கேட்க வேண்டும். இருந்த ஒரே கத்தியில்தான். கழுவினேன். கழுவியதாகத்தான் ஞாபகம்.

மார்கழி வந்தது. காபிப் பழம் எடுப்பு மும்முரம். பனி ஸ்டோர் வாசல் வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு காலையில் துண்டைக் கொடுத்துவிட்டு, காபி குடிக்க வீட்டிலேயே நின்றேன். அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சீஸைக் கடிக்காமல் நகத்தால் அதன் மேலே சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, சுரண்டிக்கிட்டிருக்கே?"

"மேல கல்கண்டாட்டம் இருக்குதுங்க. நறநறன்னு நொம்ப நல்லா இருக்குது. கட்டிய வேணும்னா நீங்க தின்னுக்குங்க."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளை. மாவு தூவியது போலப் பரவி, நடுநடுவே மணி மணியாகத் திரண்ட வெள்ளை. உள்ளறை இருட்டில் வெட்டியபோது என் கண்ணில் பட்டதே இல்லை.

"இது எத்தன நாளா?"

"குளிரு புடிச்சதுலருந்து. தெனமும் நெறய பூக்குது. நீங்க எனக்காகத்தான் தூவிக் கொண்டாறீங்கன்னு நெனச்சேன்."

துணி சுற்றிய பக்கத்தில் அந்த வெள்ளை இல்லை. முந்தின நாட்களில் நான் வெட்டிய முகத்தில் மட்டும் இருந்தது. கத்தி பட்ட இடத்தில் மட்டும். பலகைக்கு நேர் கீழே வாய் கிழிந்து கிடக்கும் சுண்ணாம்பு மூட்டை ஞாபகம் வந்தது. பக்கத்தில் மூடி சரியாகப் பொருந்தாத மயில்துத்தம் டின் ஞாபகம் வந்தது. கத்தியைக் கடைசியாக என் வேட்டியில் துடைத்ததும், அந்த வேட்டியை எப்போது துவைத்தோம் என்பதும் ஞாபகம் வரவில்லை.

"துப்பு புள்ள! துப்பு!"

"எதுக்குங்க? முழுங்கியாச்சு."

"அது சுண்ணாம்பு!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பழகிய கை அவளுடையது. "சுண்ணாம்புன்னா நாக்கு பொத்துப் போயிருக்கோணுமே. சரி, மஞ்சள்ல போட்டுப் பாருங்க. ஆரத்தி கரைக்கறப்ப செவந்து வருமே, பாத்ததில்லையா?" என்று அவளே மஞ்சள்பொடியைக் கிண்ணத்தில் கரைத்தாள். வெள்ளையைச் சுரண்டிப் போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"ஆச்சுங்களா? போய் வேலையப் பாருங்க."

போயிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த பி.யு.சி. விழித்துக்கொண்டது. காற்றுப்பட்டுப் பழசான சுண்ணாம்புக்கு வீரியம் போய்விடும், அது மஞ்சளைச் சிவக்க வைக்காது என்று அவளிடம் சொன்னேன். "அப்ப வீரியம் போன சுண்ணாம்பு என்னை என்ன பண்ணீரும்?" என்று கேட்டாள்.

அடுத்த சோதனை நானே கண்டுபிடித்தது. அவள் குளிக்க வைத்திருந்த வெந்நீரில் ஒரு தம்ளர் மொண்டு, வெள்ளையை உதிர்த்துப் போட்டேன். பீப்பாயில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்: சுண்ணாம்பைக் கிண்டினால் பாலாக நிற்கும், விட்டால் அடியில் சேறாக இறங்கும், முழுக்கக் கரையவே கரையாது. இது கிண்டக் கிண்டக் காணாமல் போனது. தம்ளர் தண்ணீர் தெளிவாக நின்றது. அடியில் ஒரு பொட்டு கூட இல்லை.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மகிழ்ந்திருப்பான். நான் தம்ளரை அவள் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்தேன். கரையாமல் இருந்தால் கல்லு போலக் குடலோடு போய்விடும். கரைந்தால்? ரத்தத்தில் கலந்து பிள்ளைக்கே போகுமே! தண்ணீரில் சுத்தமாகக் கரைகிற சாமான் அந்த உள்ளறையில் ஒன்றே ஒன்றுதான்.

"மயில்துத்தம்," என்றேன்.

"அது நீலமுங்க. இது வெள்ளை. கண்ணு தெரியலையா?"

"சூடு பண்ணினா வெள்ளையாயிரும். காலேஜ்ல சோதனைக் குழாயில காய்ச்சிப் பாத்திருக்கேன்."

"தண்ணி காயவே விறகு பத்தல. நம்ம ஸ்டோர்ல யாருங்க அதைக் காய்ச்சுனாங்க?"

ஓடிப்போய் கத்தியைக் கொண்டுவந்து, தேய்த்து, அந்தத் தம்ளரில் முக்கினேன். செம்பு ஏறவில்லை. கத்தி வெள்ளையாகப் பளபளத்தது. மயில்துத்தம் இல்லை என்று எஸ்டேட் முறைப்படியே நிரூபணமாகிவிட்டது. ஆனால் குற்றவாளியே சாட்சி சொன்னால் யார் நம்புவது? கத்தி பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன். கடைசியாக, பெண்டாட்டி தின்ற விஷத்தைத் தானும் தின்று பார்க்கிற வீரம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். லேசான கசப்பு. உடனே எனக்கு நாக்கு மரத்தது, வயிறு எரிந்தது, காதுக்குள் வண்டு பறந்தது.

எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டேன். அவள் வர மாட்டேன் என்றாள். நான் அழுதேன். அதற்காகத்தான் வந்தாள். பாம்பு கடித்தால் அடித்த பாம்பையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் இல்லையா, அதேபோல மிச்சமிருந்த சீஸைத் துணியில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் நாலைந்து ஆரஞ்சுப் பழத்தை முந்தானையில் போட்டுக்கொண்டு ஏறினாள். வழி முழுக்க உரித்துத் தின்றாள். நான் ஒவ்வொரு வளைவிலும் "இப்ப எப்படி இருக்குது? இப்ப?" என்று கேட்டேன். டிரைவர் ஒரு கட்டத்தில் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்தார்.

"தப்பா நெனக்காதீங்க. ஆசுபத்திரி யாருக்குங்க ரைட்டரே?"

"அவருக்குத்தானுங்க," என்றாள் என் மனைவி. "நான் தொணைக்குப் போறேன்."

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துச் சாலையில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அவள் மாதாமாதம் காட்டிக்கொள்வது அங்கேதான். டாக்டரம்மா சேலத்துப் பக்கம், நல்ல சத்தமான ஆள். நான் முண்டியடித்து உள்ளே போய் மேஜை மேல் மூட்டையை அவிழ்த்தேன். அறை முழுக்க வாடை பரவியது. டாக்டரம்மா நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இது உங்கள கடிச்சுதா, நீங்க இதைக் கடிச்சீங்களா?"

நான் முழுதும் சொன்னேன். சுண்ணாம்பு மூட்டை, டின், கத்தி, மஞ்சள், தம்ளர், எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போது அவர் என் மனைவியைப் படுக்க வைத்து, வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். அப்போது அவர் முகம் கொஞ்ச நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தது. பிள்ளையின் துடிப்பை எண்ணும்போது எல்லா டாக்டர்களின் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சுவர் என்னை நோக்கி வந்தது.

கண் விழித்தபோது நான் கட்டிலில் இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்து முக்காலியில் என் மனைவி உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை?"

"ஒதைக்குது. அப்பனப் பாத்துச் சிரிக்குதுன்னு நெனைக்கறேன்."

டாக்டரம்மா வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நான் குடுத்தனுப்பற வெள்ளை மாத்திரையெல்லாம் சாப்புடறயா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "சாப்புடறனுங்க."

"நெசமா?"

"...சௌசௌக் கொடி சாப்புடுதுங்க."

அந்த மாத்திரைகளை ஒவ்வொரு மாதமும் நான்தான் வாங்கிப்போவேன். ஒருநாள் விடாமல் தண்ணீர்த் தம்ளரோடு அவள் கையில் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று சாவியை ஆட்டிக்கொண்டு போவேன். அவள் கொல்லைப்பக்கம் போய் அதைக் கொடியின் வேரில் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள். சப்பென்று இருக்கிறதாம், கடித்தால் சத்தம் வருவதில்லையாம்.

டாக்டரம்மா ஒரு மாத்திரையை எடுத்துப் பொடித்தார். சீஸின் மேலிருந்து கொஞ்சம் வெள்ளையைச் சுரண்டினார். இரண்டையும் இரண்டு கண்ணாடிக் குவளையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டார். சீஸ் வெள்ளை சுத்தமாகக் கரைந்தது. மாத்திரையும் கரைந்தது, லேசான கலங்கல் மட்டும் நின்றது. அது மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கிற மாவு என்று சொல்லி வடிகட்டினார். பிறகு துணி துவைக்கிற சலவை சோடாவைக் கரைத்து இரண்டிலும் சில சொட்டு விட்டார். இரண்டு குவளையும் ஒரே மாதிரி பாலாக வெளுத்தன. கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளைச் சேறு இறங்கியது.

"பாத்துக்குங்க. காலையிலருந்து நீங்க தேடுன சுண்ணாம்பு இப்பத்தான் வருது," என்றார்.

தான் சீஸ் டாக்டர் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் அவர் விளக்கினார். பாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. சீஸ் ஆக ஆக, பாலின் இனிப்பு புளிப்பாக மாறுகிறது. அந்தப் புளிப்பும் அந்தச் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து ஓர் உப்பாகிறது. அந்த உப்பு சீஸின் ஈரத்தில் கரைந்துதான் இருக்கும். குளிர் ஏறினால் அத்தனையையும் ஈரத்தால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. வெட்டுப்பட்ட முகத்தில் ஈரமும் காயும். மிஞ்சியது அங்கே மணியாகத் திரண்டு வெளியே வரும். மாத்திரை டப்பாவைத் திருப்பிக் காட்டினார். கால்சியம் லாக்டேட் என்று எழுதியிருந்தது: கால்சியம் என்பது அந்தச் சுண்ணாம்புச் சத்து, லாக்டேட் என்பது அந்தப் புளிப்பு.

"இது ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு தோணுது. நான் குடுத்தத கொடிக்குப் போட்டுட்டு, அதையே இங்க சுரண்டித் தின்னிருக்கு உங்க ஊட்டம்மா."

என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எனக்கு எது வேணும்னு என் நாக்குக்குத் தெரிஞ்சிருக்குது," என்றாள்.

"உன் நாக்கு திருநீறும் தின்னுதே, அதுக்கு என்ன சொல்றே?" என்றேன், கட்டிலில் படுத்தபடியே.

"நீங்க பேசாதீங்க. பேஷண்டு பேசக் கூடாது."

டாக்டரம்மா அந்த இரண்டு பேச்சுக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு, திருநீற்றையும் ஸ்டோர் கத்தியையும் நிறுத்தச் சொன்னார். கத்தி விஷயத்தில் குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. இந்த முறை ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக மருந்துக் கத்தியைச் சாப்பாட்டில் வைப்பார்களா என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஒரு புதுக் கத்தி வாங்கினேன். சீஸ்களைப் பலகையோடு இறக்கி, மருந்து இல்லாத முன்பகுதியின் ஒரு மூலைக்கு மாற்றினேன். காபி வாங்க வந்த வியாபாரி ஒருவர் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு விலையைக் குறைக்கப் பார்த்தார். அது வேறு கதை.

கிறிஸ்துமஸுக்குப் பங்களா அம்மா மதராஸிலிருந்து திரும்பினார். நான் குற்றவாளி போல முன்னால் நின்று, சீஸின் மேல் வெள்ளை பூத்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாலோட உப்புதான் ரைட்டர். எங்க சிஸ்டர் முன்னாலயே சொல்லியிருந்தாங்க, குளிர்ல வரும், ஒண்ணும் பண்ணாதுன்னு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். அந்த ஒரு வாக்கியத்தைக் கிளம்புகிற அன்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கட்டில் மிச்சம். ஆனால் நேராகப் பார்த்தால், சொல்லியிருந்தாலும் நான் வேறு எதையாவது கண்டுபிடித்திருப்பேன்.

பிறகு அந்தச் சீஸ்களை வெட்ட வெட்டப் பூத்த வெள்ளையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பங்களா அம்மாவே சுரண்டி, காகிதத்தில் மடித்து அனுப்புவார். அவள் சாயங்கால வெயிலில் உட்கார்ந்து நறநறவென்று தின்பாள். எனக்கும் ஒரு சிட்டிகை நீட்டுவாள், "மரத்துப் போகுதா?" என்று கேட்பாள். அந்த வருஷம் சௌசௌக் கொடி வேலியைத் தாண்டி ஸ்டோர் கூரை வரை ஏறியது. அதற்கு மாத்திரைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கொல்லையில் எரு வேறு கொட்டியிருந்தோம்.

இதையெல்லாம் என் மகள் காலேஜ் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் அம்மா சொல்லிக் காட்டுகிறாள். சொல்லச் சொல்ல நான் மயங்கி விழுகிற இடம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. ஆகவே நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். சீஸின் மேல் பூத்தது பாலின் சுண்ணாம்புச் சத்தில் வந்த உப்பு, அது விஷமில்லை. அதைத் தின்ற என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாசி மாதம் அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். மார்கழியில் அங்கே கட்டிலில் படுக்க வைக்கப்பட்டது நான் மட்டும்தான்.